பெரிய பாட்டியின் பால் கத்தியும் நான்காம் படிவ பயாலஜியும்

"சித்தி, நான் பயாலஜிய விட்டுறலாம்னு இருக்கேன்."

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அக்கா மகள் கூப்பிட்டு இப்படிச் சொன்னாள். ஜாசினில் நான்காம் படிவம் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்து "டாக்டராகப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"எல்லாமே மனப்பாடம் சித்தி. ஒரு பக்கத்துல இருபது புதுச் சொல்லு. தமிழ்ப்பள்ளியில ஒரு பேரு, இங்க மலாய்ல ஒரு பேரு, டியூஷன்ல இங்கிலீஷ்ல ஒரு பேரு. அதுல ஒண்ணுகூட நான் கண்ணால பாத்தது இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று பட்டது. காரணம், நானும் ஒரு காலத்தில் பயாலஜி மாணவிதான். வானொலியில் என் குரலைக் கேட்பவர்களுக்கு இது தெரியாது. எங்கள் பள்ளியில் ஆய்வுக்கூடம் இருந்தது, அலமாரிக்குப் பூட்டும் இருந்தது. இரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை நுண்ணோக்கியைத் திறந்தார்கள். நாற்பது பேர் வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது நான் பார்த்தது வெங்காயச் செல்லை அல்ல, என் சொந்தக் கண் இமையை! எஸ்.பி.எம். தேர்வில் எப்படியோ தேறினேன். அதன் பிறகு அறிவியல் பக்கமே தலைவைக்காமல் ஊடகத் துறைக்கு வந்துவிட்டேன். இந்த வேலையில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கதவு அறிவு இல்லாமல் மூடியதா, பார்க்க வாய்ப்பு இல்லாமல் மூடியதா என்ற கேள்வி மட்டும் மனத்தில் இருந்துகொண்டே இருக்கிறது.

அதனால் அவளிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு பெம்பான் வந்துடு. பெரிய பாட்டியப் பாக்கப் போறோம்" என்று மட்டும் சொன்னேன்.

ஆறு மணி வகுப்பு

பெரிய பாட்டி என்று அவள் கூப்பிடுவது என் பாட்டியை. எண்பதைத் தாண்டியவர். ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, இப்போது தாமான் வீட்டில் மாமாவோடு இருக்கிறார். பால் கத்தியை மட்டும் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார்.

தாமானுக்குப் பின்னால் மலாய்க்காரப் பெரியவர் ஒருவருக்குச் சிறிய ரப்பர் தோட்டம் இருக்கிறது. அனுமதி கேட்டோம். "ஒரு மரம்தானே, மக்சிக் வெட்டிக் காட்டட்டும்" என்று சிரித்தார். இருட்டு விலகாத நேரத்தில் நெற்றி விளக்கோடு மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரு மரத்தடியில் நின்றோம்.

அக்கா மகளின் முதல் கேள்வியே தூக்கத்தைப் பற்றியதுதான். "ஏன் பெரிய பாட்டி இவ்ளோ வெள்ளன வரணும்? பத்து மணிக்கு வெட்டக் கூடாதா?"

"வெயில் ஏறுனா மரம் பால இறுக்கிப் புடிச்சிக்கும் கண்ணு. விடியறதுக்குள்ள வெட்டுனாத்தான் மங்கு நெறையும்."

இதைத்தான் அவளுடைய பாடநூல் வேறு மொழியில் சொல்கிறது. இரவில் இலைகளின் துளைகள் மூடியிருக்கும், நீராவிப்போக்கு மிகக் குறைவு. வேர் உறிஞ்சிய நீர் செல்களுக்குள் தங்கி, செல்கள் விறைத்து நிற்கும். விடியும் நேரத்தில் பால் குழாய்களுக்குள் இருக்கும் விறைப்பு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு. கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று அதில் கால்வாசிகூட இருக்காது. அந்த நேரத்தில் பட்டையைக் கீறினால் பால் தானாகப் பீறிடும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்க ஆரம்பித்ததும் அழுத்தம் இறங்கிவிடும். பாட்டி "இறுக்கிப் புடிச்சிக்கும்" என்றது இதைத்தான்.

"சித்தி, இதுதான் 'செல் செகா'வா?" என்றாள். நான்காம் படிவத்தில் சவ்வூடு பரவல் பாடத்தில் வரும் மலாய்ச் சொல் அது. நீர் நிறைந்து விறைத்த செல். அந்தச் சொல்லை அவள் பல முறை எழுதிப் பார்த்திருக்கிறாள். அதன் சத்தத்தை, மங்கில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தத்தை, அன்றுதான் கேட்டாள்.

எலும்பில் கத்தி படக் கூடாது

பாட்டி வெட்டுவதைக் கவனித்தால் இன்னும் இரண்டு பாடம் கிடைக்கும்.

ஒன்று, வெட்டின் ஆழம். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கிறார், மரத்தைத் தொடுவதில்லை. "எலும்புல கத்தி பட்டுச்சுன்னா அந்த எடத்துல பட்ட ஒழுங்கா வராது, முண்டு முண்டாத்தான் வரும். தண்டல் பாத்தா அன்னிக்கு நல்லா ஏச்சு" என்றார். பால் குழாய்கள் இருப்பது உள்பட்டையில். அதற்கும் கட்டைக்கும் நடுவில் காகிதம்போல மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. அதன் பெயர் கேம்பியம். வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உள்பக்கம் புதுக் கட்டையையும் உருவாக்கிக்கொண்டே இருப்பது அதுதான். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சம் விட்டு நிறுத்த வேண்டும். ஐந்தாம் படிவத்தின் ஆரம்பத்தில் வரும் தாவரத் திசுப் பாடத்தை, பாட்டியின் மணிக்கட்டு பல்லாயிரம் முறை எழுதிப் பார்த்திருக்கிறது.

இரண்டு, வெட்டின் சாய்வு. எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். "ஏன்?" என்றால் பாட்டிக்குத் தெரியாது. "அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க." விடை மரத்துக்குள் இருக்கிறது. பால் குழாய்கள் செங்குத்தாக ஓடுவதில்லை, வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. எதிர்த்திசையில் சாய்த்து வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். இந்த இடத்தில் அக்கா மகள் பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாள். கைப்பேசியில் படம் வரைந்து காட்டினாள். "அட, இத்தன வருசமா இது தெரியாமத்தான் வெட்டுனேனா!" என்று பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

சில மணி நேரத்தில் பால் சொட்டுவது நின்றுவிடும். அதுவும் ஒரு பாடம்தான். பாலில் மிதக்கும் நுண்ணிய பைகள் வெட்டுவாயில் உடைந்து, ரப்பர் துகள்களைத் திரட்டி, குழாயை அடைத்துவிடுகின்றன. நம் விரலில் கத்தி பட்டால் இரத்தம் உறைவது வேறு வேதியியல், ஆனால் வேலை ஒன்றுதான்: காயத்தை மூடு, உள்ளிருப்பதைக் காப்பாற்று. அப்படி வெட்டுவாயில் காய்ந்து நிற்பதைத்தான் தோட்டத்தில் ஒட்டுப்பால் என்று உரித்தெடுத்துச் சாக்கில் போட்டார்கள்.

அந்த அடைப்பைத் தாமதப்படுத்தி அதிகப் பால் எடுக்கப் பூசிய 'மருந்து' எத்தெஃபோன். அது பட்டைக்குள் எத்திலின் வாயுவை வெளியிடும். வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே தாவர ஹார்மோன். அளவு மீறினால் மரம் பால் வற்றிப்போகும். "மருந்து போட்ட மரம் சீக்கிரம் செத்துரும்" என்று பாட்டி காலத்தவர்கள் சொன்னதில் கொஞ்சம் மிகை உண்டு, நிறைய உண்மையும் உண்டு.

மலாக்கா மண்ணில் ஆரம்பித்த பாடம்

இந்தப் பாடத்தை மலாக்காவில் நடத்துவதற்கு ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு வருடமே சில நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அங்கே தாவரவியல் பூங்காவை நடத்திய ஹென்றி ரிட்லிதான் கேம்பியத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர். அவர் ரப்பர், ரப்பர் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னதால் 'கிறுக்கு ரிட்லி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் பேச்சை நம்பியவர்களில் முக்கியமானவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் சுமார் 40 ஏக்கரில் நட்டதுதான் நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டம் என்று சொல்வார்கள். பிறகு புக்கிட் அசஹானில் இன்னும் பெரிதாக நட்டார்.

அந்த மரங்களைத் தேடித்தான் நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தார்கள். நாம் இந்த மண்ணில் இருப்பதற்கே ஒரு தாவரவியல் காரணம் இருக்கிறது. அந்த வம்சத்துப் பிள்ளை "பயாலஜியில் எதுவுமே நான் பார்த்தது இல்லை" என்று சொன்னால், தவறு பிள்ளையிடம் இல்லை.

பெரியம்மாவின் வேலையைப் பறித்த வண்டு

ரப்பர் இல்லாத வீட்டுக்குப் பக்கத்தில் செம்பனை இருக்கும். அதிலும் பாடம் குறைவில்லை.

எங்கள் பெரியம்மா 1970களில் செம்பனைத் தோட்டத்தில் பூவுக்குப் பொடி அடிக்கும் வேலை பார்த்தவர். ஆண் பூவின் மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, பெண் பூங்குலைகளில் ஊத வேண்டும். செம்பனை காற்றில் மகரந்தச் சேர்க்கை பெறும் மரம் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் இங்கே காய் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் மனிதக் கை தேவைப்பட்டது. பிறகுதான் ஆப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்வது ஒரு சின்னக் கூன்வண்டு என்று பூச்சியியலாளர் ரகுமான் சையத் காட்டினார். 1981இல் கேமரூனிலிருந்து அந்த வண்டு மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண் பூவில் தின்று, முட்டையிட்டு வாழும் வண்டு. பெண் பூவும் அதே போன்ற வாசனையை வெளியிட்டு அதை ஏமாற்றி அழைக்கும். வண்டு வரும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை விட்டுவிட்டுப் போகும்.

பெரியம்மாவின் வேலை போயிற்று. "ஒரு வண்டு வந்து எங்க வயித்துல அடிச்சிருச்சு" என்று இன்றைக்கும் பாதி விளையாட்டாகச் சொல்வார். மகரந்தச் சேர்க்கை, உயிரினங்களுக்கு இடையிலான உறவு, உயிரியலும் பொருளாதாரமும் மோதும் இடம் என மூன்று பாடம் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கிறது.

மெண்டலின் மரபியலுக்கும் செம்பனைப் பழமே போதும். பழத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தடித்த ஓடு உள்ளது டூரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா. இரண்டையும் கலந்தால் வருவது மெல்லிய ஓடுள்ள டெனெரா. எண்ணெய் அதிகம் என்பதால் தோட்டங்களில் இன்று நிற்பது பெரும்பாலும் அதுதான். ஒரே ஒரு மரபணு இதைத் தீர்மானிக்கிறது என்று 1941இல் காங்கோவில் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு எது என்பதை 2013இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து அடையாளம் காட்டினார்கள்.

இப்போது பிள்ளையிடம் கேளுங்கள்: "கீழே விழுந்த டெனெரா பழத்தை முளைக்க வைத்து நட்டால் என்ன?" டெனெராவும் டெனெராவும் கலந்தால் நான்கில் ஒன்று டூரா, இரண்டு டெனெரா, ஒன்று பிசிஃபெரா. பாதி மரம் வீண். அதனால்தான் தோட்டக்காரர்கள் ஒவ்வொரு முறையும் கன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பட்டாணிச் செடியைப் பார்த்தே இராத பிள்ளைக்கு இந்தக் கணக்கு எளிதில் மறக்காது.

சமையலறையும் ஓர் ஆய்வுக்கூடம்

"எங்கள் வீடு பட்டணத்தில், மரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்குச் சமையலறை இருக்கிறது. நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே செய்து பார்த்தவை இவை.

*கங்கோங் தண்டு:* தண்டை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, சிலவற்றைப் பச்சைத் தண்ணீரிலும் சிலவற்றை உப்புத் தண்ணீரிலும் அரை மணி நேரம் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் கிடப்பது வெளிப்பக்கமாகச் சுருண்டு விறைக்கும். உப்புத் தண்ணீரில் கிடப்பது துவளும். சவ்வூடு பரவல் கண்முன்னே நடக்கும்.

*வாழைப்பழ டி.என்.ஏ.:* அரை வாழைப்பழத்தை மசித்து, உப்பும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த தண்ணீர் சேர்த்து வடிகட்டுங்கள். அதன் மேல், குளிர்பெட்டியில் வைத்த ஆல்கஹாலை மெதுவாக ஊற்றுங்கள். மருந்துக்கடையில் கிடைப்பதே போதும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். இரண்டு அடுக்குக்கும் நடுவில் வெள்ளை நூல்போலத் திரண்டு வரும். சவர்க்காரம் சவ்வை உடைக்கிறது, ஆல்கஹாலில் டி.என்.ஏ. கரைவதில்லை, அதனால் வெளியே வருகிறது.

*தோசை மாவு:* ஒரே மாவை இரண்டு கிளாஸில் ஊற்றி, மட்டத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். ஒன்று குளிர்பெட்டியில், ஒன்று வெளியே. மறுநாள் காலையில் எது எவ்வளவு பொங்கியது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமில வாயுவும் வெப்பநிலையின் பங்கும் அங்கேயே இருக்கின்றன.

*மீன் செவுள்:* பாசாரில் மீன் வெட்டும்போது செவுளை வாங்கி வந்து தண்ணீரில் விரித்துப் பாருங்கள். சீப்புப் பற்கள்போல எத்தனை மெல்லிய இழைகள்! பரப்பு ஏன் அதிகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையே சொல்லும்.

இன்னொரு கருவி நம்மில் பல வீடுகளில் மேசைமேலேயே இருக்கிறது. இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. தாத்தா எப்படியும் தினமும் சர்க்கரை பார்க்கிறார். சாப்பிடுவதற்கு முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, நடந்துவிட்டு வந்த நாளில், நடக்காத நாளில் என்று அந்த எண்களை ஒரு மாதம் பேத்தி வரைபடமாகப் போடட்டும். இன்சுலின் பாடம் புரியும். தாத்தாவும் இரண்டாவது தட்டுச் சோறு கேட்க யோசிப்பார்! ஊசியை மட்டும் ஒருவருக்கொருவர் மாற்றக் கூடாது.

ஏன் இப்போது முக்கியம்?

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2021 எஸ்.பி.எம். முதல் பயாலஜியின் மூன்றாம் தாள் செய்முறைத் தேர்வு. கையால் செய்து, அளந்து, ஏன் இப்படி வந்தது என்று எழுத வேண்டும். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. வீட்டில் பத்து முறை கங்கோங் நறுக்கிப் பார்த்த பிள்ளைக்குக் கை நடுங்காது.

மொழிச் சிக்கலும் இதில்தான் தளரும். ஒரு பொருளை முதலில் பார்த்துவிட்டால், அதற்கு மூன்று மொழியில் மூன்று பெயர் இருப்பது சுமையாகத் தெரியாது. ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயரும் வைத்துக் கூப்பிடுவது போலத்தான். பொருளைப் பார்க்காமல் பெயரை மட்டும் படிப்பதுதான் கஷ்டம். அக்கா மகள் இப்போது ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டிருக்கிறாள்: மலாய், ஆங்கிலம், தமிழ், பெரிய பாட்டி. நான்காவது கட்டத்தில் 'எலும்பு' என்றும் 'இறுக்கிப் புடிக்கும்' என்றும் எழுதியிருக்கிறாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டம் பார்த்தால் மட்டும் தேர்வில் மதிப்பெண் விழாது. பாட்டியின் சொல்லிலிருந்து பாடநூலின் சொல்லுக்குப் பிள்ளையைக் கொண்டுசேர்க்க ஆசிரியர் வேண்டும். பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு நேரம் இல்லை என்பதும் உண்மை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இங்கே உதவலாம். ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். நுண்ணோக்கி வாங்கப் பணம் இல்லையென்றால் காகித நுண்ணோக்கி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு 2014இல் அறிமுகப்படுத்திய ஃபோல்ட்ஸ்கோப் மடித்துச் செய்யும் அட்டைக் கருவி. சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். நாற்பது பேர் ஒன்றுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. குடும்பமாகப் போக ஆசைப்பட்டால் மார்ச் மாதம் தஞ்சோங் துவானுக்குப் போங்கள். போர்ட்டிக்சன் பக்கம் இருந்தாலும் அது மலாக்காவின் நிலம். சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் தேன் பருந்துகளை அங்கே தலைக்குமேல் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்று இருக்கிறது. பால் கத்தியைப் பிடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எங்கள் பாட்டி வெட்டிய தோட்டத்தில் இன்று ஒரு பால்மரம்கூட இல்லை. மண்ணும் மரமும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. நாம் கேட்கவும் இல்லை. "நாங்கதான் கஷ்டப்பட்டோம், நீங்களாவது படிங்க" என்று அவர்கள் சொன்னதை, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் புரிந்துகொண்டோம். அந்தப் பிழையைத் திருத்த இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது.

அக்கா மகள் பயாலஜியை விடவில்லை. டாக்டர் ஆவாளா என்று தெரியாது, அது அவள் பாடு. சென்ற மாதச் சோதனையில் சவ்வூடு பரவல் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அதைச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டபோது பாட்டிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"பேப்பர்ல ஏன் வெள்ளன வெட்டணும்னு கேட்டாங்களா?"

"இல்ல பெரிய பாட்டி."

"பெறகு என்னத்தப் பரீச்ச வைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை மாமாவிடம் கொடுத்துவிட்டார்.